கூரை மேல் நிற்கும் அந்தத் தகரக் குழாய் என்ன? பழைய பிரிட்டிஷ் வீடுகளின் உலோகச் சிம்னி பாட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலோ லெஸ்டரிலோ நூறு வருடம் தாண்டிய வரிசை வீடு வாங்கியவர்கள், சாவி கைக்கு வந்த வாரம் தெருவில் நின்று ஒருமுறையாவது அண்ணாந்து பார்ப்பார்கள். சிம்னி மேல் வரிசையாகச் செம்மண் நிறக் குழாய்கள் இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் சாம்பல் நிறத் தகரத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும், இல்லையென்றால் முக்காடு போட்டுக்கொண்டு காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுச் சிம்னியிலும் அப்படி ஒன்று இருந்தது. இன்னதென்று தெரியாமல் அதைக் கழற்றி ஒரு வம்பில் மாட்டினேன். அதற்கு அப்புறம் போட்டோ அனுப்பிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்தான் இவை.

சிம்னி பாட் என்றால் சுட்ட மண்தானே? உலோகத்தில் எதற்கு?

ஆமாம், மண்தான் வழக்கம். பாட் என்றால் சட்டி. இது அடி இல்லாத சட்டி. செங்கல் சிம்னியின் உச்சியில் சாந்து வைத்து நட்டிருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவி, விக்டோரியா காலத்தில் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் சுட்டு வந்தவை. மண் மலிவு, துருப்பிடிக்காது, கரிப்புகையின் அமிலத்தையும் தாங்கும்.

அப்படியிருக்க ஒருவர் உலோகத்தைத் தேடிப் போனார் என்றால், பெரும்பாலும் அந்தச் சிம்னிக்கு ஏதோ நோய் இருந்தது என்று அர்த்தம். புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பியிருக்கும், மழை உள்ளே இறங்கியிருக்கும், பறவை கூடு கட்டியிருக்கும். உலோகப் பாட் அதற்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. அதனால் "இதன் பெயர் என்ன?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்தச் சிம்னிக்கு என்ன கோளாறு இருந்தது?" என்று கேளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இந்த மருத்துவப் பேச்சு புதிதல்ல. 1785-இல் கடல் பயணத்தில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். விஷயம்: சிம்னி ஏன் புகைகிறது. ஒன்பது காரணம் சொல்லி, காரணம் வேறானால் வைத்தியமும் வேறு என்கிறார். காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பும் தகர மூடியும் அந்தக் கடிதத்தில் வருகிறது. இன்று நீங்கள் அண்ணாந்து பார்க்கும் முக்காட்டுக்கு அவ்வளவு பழைய வம்சம்.

ஏணி இல்லாமல் தரையில் நின்றே அடையாளம் காண முடியுமா?

பெரும்பாலும் முடியும். எதிர்ச்சாரி நடைபாதைக்குப் போங்கள். எதிர்வீட்டு மாடி ஜன்னல் கிடைத்தால் இன்னும் நல்லது. வெயில் பக்கவாட்டில் விழும் காலையிலோ மாலையிலோ பாருங்கள். உச்சி வெயிலில் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். போன் ஜூமை விட, பறவை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் சாதாரண பைனாகுலர் மேல்.

பார்க்க வேண்டியவை: அது அசைகிறதா? மண்குழாயின் மேல் செருகியிருக்கிறதா, செங்கல்லில் நேராக நிற்கிறதா? வாய் திறந்திருக்கிறதா, மூடியா, கீற்று கீற்றாகப் பிளவுகளா? அதன் அடியில் வழிந்த கறை என்ன நிறம்? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலோகம் என்னவென்று கறைதான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், குழாய்களை எண்ணுங்கள். ஒரு கணப்பு அடுப்புக்கு ஒரு புகைக்குழல், ஒரு குழலுக்கு ஒரு பாட் என்பதுதான் பொதுக் கணக்கு. இரண்டு வீட்டுக்குப் பொதுவான சிம்னியில் எட்டு பாட் நின்றால் நாலு உங்களுடையது, நாலு பக்கத்து வீட்டுக்காரருடையது. எது யாருடையது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

என்ன வம்பு அது?

கூரை ஒழுகியது. வேலைக்கு வந்த தம்பி மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உது சும்மா தகரம். கழட்டி மூடி போட்டா தண்ணி இறங்காது" என்றார். கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளத் தகரக் குழாய், கீழே வரும்போதே இரண்டாக மடிந்திருந்தது. உள்பக்கம் விரல் கனத்துக்குக் கறுத்த பொருக்கு. இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஒழுகலும் நிற்கவில்லை, அது சிம்னி அடியில் வெடித்திருந்த ஈயத்தகட்டின் வேலை.

அக்டோபரில் முதல் குளிர் இரவு. பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவருடைய முன்னறை அடுப்பின் புகைதான் அந்தக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்ததாம். செங்கலுக்குள் குழல்கள் வளைந்து வளைந்து ஏறுவதால், என் பக்கம் நின்ற பாட் அவருடையதாகிவிட்டது. அதை மூடியே போட்டு அடைத்திருந்தோம். நல்லவேளை, அவர் விழித்திருந்தார். புதுக் குழாய்க்கும் சாரத்துக்கும் முழுப் பணமும் நான்தான் கொடுத்தேன்.

எது யாருடையது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சிம்னி சுத்தம் செய்கிறவர் அடுப்புக்குள் ஒரு புகை வில்லையைக் கொளுத்துவார். நீங்கள் தெருவில் நின்று எந்தப் பாட் புகைகிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்தப் பாட்டையும் கழற்றவோ மூடவோ விடாதீர்கள்.

நீளமாக, ஒல்லியாக, வெறும் குழாய் போல நிற்கிறது. அது என்ன?

நான் தூக்கிப் போட்டதும் அதுதான். டால்பாய் என்பார்கள். மண்ணிலும் நீளமான பாட்களுக்கு அந்தப் பெயர் உண்டு. உலோகத்தில் என்றால் துத்தநாகத் தகட்டிலோ துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டிலோ சுருட்டிச் செய்தது. சிம்னியின் உயரத்தை மலிவாகக் கூட்டுவதுதான் அதன் வேலை. செங்கல் அடுக்கினால் கனம் கூடும், சாரம் கட்ட வேண்டும், செலவு. தகரக் குழாய் என்றால் ஒரு மதியத்தில் முடியும். விழாமல் இருக்கக் கம்பி கட்டி இழுத்திருப்பதையும் பார்க்கலாம்.

இதைக் கண்டால் சுற்றிலும் பாருங்கள். பக்கத்தில் உயரமான கட்டடமோ பெரிய மரமோ இருக்கும். காற்று அதன் மேல் ஏறி இந்தப் பக்கம் உருண்டு இறங்கும்போது புகையைத் திரும்ப உள்ளே அழுத்தும். மாடி மேல் மாடி கட்டிய நாலு மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் குட்டையாக நிற்கும் வீட்டின் சிம்னியில் டால்பாய்க் கூட்டமே நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் எப்போது உயர்த்திக் கட்டினார் என்று தெரிந்தால், குழாய் எப்போது வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வளைந்து, அடுக்கு அடுக்காக, இறால் மாதிரி இருக்கிறது. காற்றடித்தால் திரும்புகிறது.

ஆங்கிலத்திலும் அதே எண்ணம்தான்: லாப்ஸ்டர் பேக் கவுல், சிங்கி இறாலின் முதுகு. கவுல் என்றால் துறவிகளின் முக்காடு. நாலைந்து தகட்டு வளையங்களைச் சற்றுச் சாய்வாக ஒன்றோடொன்று சேர்த்து, முழங்கை போல வளைத்திருப்பார்கள். முதுகில் மீன் துடுப்பு போல ஒரு தகடு. காற்று அந்தத் துடுப்பைத் தள்ளும். முக்காடு திரும்பி முதுகைக் காற்றுக்குக் காட்டும். வாய் காற்று போகும் திசையில் இருக்கும். காற்றின் மறைவில் அழுத்தம் குறைவு என்பதால் புகை வெளியே இழுபடும். மோட்டார் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு ஊசித்தண்டு, அதன் மேல் சுற்றும் தலை. அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் சுழலும் கவுலுக்கு "கிழவி" என்று பொருள்படும் பெயர் உண்டு. "பாட்டி" என்றும் சொல்வார்கள். முக்காடு போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்ப்பதால் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

இரவில் கிரீச் கிரீச் என்று கத்துகிறது. பேய் என்கிறார் மாமியார்.

தண்டில் எண்ணெய் வறண்டுவிட்டது. மாமியாரிடம் அதைச் சொல்லுங்கள். கூரை வேலைக்கு யாராவது ஏறும்போது கிரீஸ் வைக்கச் சொல்லலாம். சத்தம் திடீரென்று நின்றுபோனால்தான் கவனிக்க வேண்டும்: துருவேறிச் சுற்றாமல் இறுகியிருக்கும். வாய் காற்றைப் பார்த்தபடி இறுகிய கவுல், கவுலே இல்லாததை விட மோசம். காற்றை அள்ளி நேராக அடுப்புக்குள் ஊற்றும்.

ஆங்கில ஹெச் எழுத்து மாதிரி ஒன்று?

ஹெச் கவுல். மண்ணிலும் உண்டு, தகட்டிலும் உண்டு. புகை நடுக்கோட்டுக்கு வந்து, இரண்டு நிமிர்ந்த கால்களில் ஒன்றின் வழியாக வெளியேறும். கால்கள் மேலும் கீழும் திறந்தவை. மேலிருந்து காற்று அழுத்தினால் அது காலின் கீழ்வாயில் வெளியே போய்விடும், புகைக்குழலுக்குள் இறங்காது. அசையும் பாகம் இல்லாததால் இறாலை விட ஆயுசு கெட்டி.

உருண்டையாக, இதழ் இதழாக, சுற்றிக்கொண்டே இருப்பது?

அம்பத்தூர், கோயம்புத்தூர்ப் பக்கம் தொழிற்சாலைக் கொட்டகை மேல் பளபளவென்று சுற்றும் டர்போ வென்டிலேட்டர் பார்த்திருப்பீர்களே, அதன் சின்னத் தம்பி. எவர்சில்வரில் இருந்தால் சமீபத்தில் போட்டது. பழைய வீட்டின் மேல் இருப்பதாலேயே அது பழைய பொருளாகிவிடாது.

சின்னதாக, ஒரு சாண் உயரத்தில், பக்கவாட்டில் பிளவுகளோடு இருக்கிறது. பார்க்கவே ஒன்றுமில்லை.

பார்க்க ஒன்றுமில்லாத இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது. இது கேஸ் டெர்மினல், கீழே எரியும் கேஸின் புகை வெளியேறும் வாய். அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ இருக்கும். சில சமயம் செம்மண் நிறப் பெயின்ட் அடித்து மண்குழாய்க்குள் செருகியிருப்பார்கள்.

1967 முதல் 1977 வரை பிரிட்டன் முழுக்க வட கடல் இயற்கை வாயுவுக்கு மாறியது. கரிக் கணப்பு இருந்த இடத்தில் கேஸ் கணப்பு வந்தது, பல வீடுகளில் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் பாய்லரும் வந்தது. பழைய புகைக்குழலுக்குள் வளையும் உலோகக் குழாய் ஒன்றை இறக்கி, உச்சியில் இந்த டெர்மினலை வைத்தார்கள். 2005-க்குப் பின், புகையின் சூட்டையும் மீட்டெடுக்கும் கண்டென்சிங் பாய்லர் கட்டாயமானதால் அந்தப் பின்பக்கப் பாய்லர்கள் மெல்ல மறைந்தன, ஆனால் டெர்மினல்கள் கூரை மேலேயே நிற்கின்றன.

அதனால் டெர்மினல் இருந்தால் கீழே கேஸ் எரிகிறது என்று நிச்சயமில்லை. ஆனால் எரிகிறது என்றே வைத்துக்கொண்டு நடங்கள். அதை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேஸ் சேஃப் என்ற கேஸ் வேலைக்காரர்களுக்கான அதிகாரபூர்வப் பதிவு உள்ளவர் வந்து பார்க்காமல் தொட வேண்டாம். பொதுச் சிம்னி என்றால் பக்கத்து வீட்டையும் கேளுங்கள். என் கதையில் விறகுப் புகை கண்ணை எரித்து எழுப்பியது. கேஸாக இருந்திருந்தால் யாரையும் எழுப்பியிருக்காது.

காளான் குடை மாதிரி மூடி? கம்பிக் கூண்டு?

குடை மாதிரி இருப்பது பெரும்பாலும் மழை மறைப்பு. அடுப்பு கைவிடப்பட்டிருந்தால் உள்ளே கொஞ்சம் காற்று மட்டும் ஓட விட்டு மூடியது. கம்பிக் கூண்டு பறவைக்கு, குறிப்பாக ஜாக்டா என்ற சின்னக் காக்கை இனத்துக்கு. அது சுள்ளிகளை ஒவ்வொன்றாகக் குழலுக்குள் போட்டுக்கொண்டே இருக்கும், ஏதாவது ஒன்று சிக்கி நிற்கும் வரை. கூடு உபயோகத்தில் இருந்தால் கலைப்பது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், குஞ்சுகள் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

என்ன உலோகம் என்று எப்படிச் சொல்வது?

கறையைப் பாருங்கள் என்றேன் அல்லவா. கீழே மண்குழாயிலும் செங்கல்லிலும் காவி நிறக் கோடுகள் வழிந்திருந்தால் இரும்பு, அல்லது பூச்சு போன ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. வெள்ளையாகப் பொடிந்து வழிந்தால் துத்தநாகமோ அலுமினியமோ. பித்தளைச் சொம்பில் புளி தேய்க்காமல் விட்டால் வருமே, அந்தக் களிம்புப் பச்சை இருந்தால் செம்பு. கறையே இல்லாமல் மின்னினால் எவர்சில்வர்.

துத்தநாகத் தகடு வயதானால் நீலம் கலந்த மங்கிய சாம்பல். இணைப்புகள் ஈயப்பற்றில் வழவழவென்று இருக்கும். ஜி.ஐ. தகட்டில் ரிவெட் ஆணிகளையும் மடித்த விளிம்பையும் பார்க்கலாம். புதிதில் பனிப்பூ போலத் திட்டுத் திட்டாக மின்னும், பிறகு விளிம்பிலிருந்து துருவேறும். வார்ப்பிரும்பு என்றால் சுவர் கனமாக, விளிம்பு உருண்டு, பக்கவாட்டில் நேராக ஒரு வார்ப்புத் தழும்பு ஓடும்.

அப்படியானால் முழுக்க வார்ப்பிரும்பில் பாட் உண்டா?

உண்டு, ஆனால் அபூர்வம். போட்டோ அனுப்புகிறவர்கள் "வார்ப்பிரும்பு" என்று சொல்வதில் பெரும்பாலானவை கறுப்புப் பெயின்ட் அடித்த மண்தான். மண்ணில் விளிம்பு உடைந்த இடத்தில் உள்ளே செம்மையோ மஞ்சளோ தெரியும். இரும்பு அப்படிச் சில்லு சில்லாகப் பெயராது.

எத்தனை வயது இருக்கும்?

வீட்டின் வயதை அதற்குக் கொடுக்காதீர்கள். கரிப்புகையில் கந்தகம் உண்டு; ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டை அரித்துவிடும். 1890-இல் கட்டிய வீட்டில் இன்று நிற்கும் மெல்லிய தகரம், முதலில் வைத்த தகரமாக இருப்பது அரிது. பல தடவை மாற்றியிருப்பார்கள். லண்டனில் ஆயிரக்கணக்கானவர்களைப் பலிகொண்ட 1952 டிசம்பர் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரி எரிப்பது குறைந்தது. அதற்கு அப்புறம் வைத்த தகரங்கள்தான் அதிகம் பிழைத்திருக்கின்றன.

உலோகமே ஒரு கீழ் எல்லை போடும். இரும்பில் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை 1837-இல். அலுமினியம் மலிவானது 1886-இல் மின்பகுப்பு முறை வந்த பிறகு. எவர்சில்வரை ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி உருவாக்கியது 1913-இல், கூரைக்கு வந்தது வெகு காலம் கழித்து. ஆகவே "விக்டோரியா கால எவர்சில்வர் கவுல்" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு வழி பழைய படங்கள். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய தேதிகளுக்குப் போக முடியும். சில தெருக்களுக்கு 2008 வரை. அதற்கும் முந்தி வேண்டுமென்றால் ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் 1919 முதல் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் கூரை அதில் அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

கவுல் மாற்றியும் அறை புகைகிறதே?

ஜன்னலைத் திறந்து பாருங்கள். புகை நின்றால் கோளாறு மேலே இல்லை, அறைக்குள். இரட்டைக் கண்ணாடி போட்டு, கதவிடுக்கெல்லாம் அடைத்து, தரைக்குக் கார்பெட்டும் போட்டால் அடுப்புக்கு மூச்சு எங்கிருந்து வரும்? ஃபிராங்க்ளின் அந்தக் கடிதத்தில் சொன்ன முதல் காரணமே இந்தக் காற்றுப் பஞ்சம்தான்.

சிம்னியே இல்லாத எதையாவது சிம்னி என்று நினைத்துவிடுவோமா?

தாராளமாக. சுவரோடு ஒட்டி ஏறி, கூரைக்கு மேல் நீண்டு, வாயில் கம்பி உருண்டை வைத்த வார்ப்பிரும்புக் குழாய் கழிப்பறைக் காற்றுப்போக்கி. தெருவோரம் விளக்குக் கம்பம் போல, ஆனால் விளக்கில்லாமல் நிற்பது சாக்கடை வாயு போக்கி. கென்ட் பக்கம் கூம்புக் கூரை உச்சியில் திரும்பும் பெரிய வெள்ளை முக்காடு, பியருக்கான ஹாப் பூக்களை உலர்த்திய ஓஸ்ட் வீடுகளுடையது. வேலை செய்யும் விதம் இறால் கவுல் போலத்தான். ஆனால் மரத்தில் செய்தது.

ஊட்டி, நுவரெலியா பங்களாக்களிலும் இவை இருக்குமா?

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா மூன்றிலும் வெள்ளைக்காரர் காலத்துக் கணப்பு அடுப்புகளும் சிம்னிகளும் இருக்கின்றன. அங்கே பார்க்கும்போது காற்றை விட மழையை முதலில் யோசியுங்கள். ஒரு பருவமழையில் திறந்த குழாய் வழியாக அடுப்புக்குள் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று கணக்குப் போட்டால், மேலே இருக்கும் தகரத் தொப்பிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கழற்ற அனுமதி வேண்டுமா? விற்றால் காசு வருமா?

பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடு என்றால் கேட்காமல் தொடக்கூடாது. இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பட்டியலை இணையத்திலேயே தேடலாம். அனுமதி தருவது உள்ளூர் கவுன்சில். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அங்கேயே விசாரியுங்கள். பொதுச் சிம்னியில் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் தனி.

காசைப் பொறுத்தவரை, பழைய கட்டடப் பொருள் விற்கும் கிடங்குகளில் மண்குழாய்களுக்கு இருக்கும் கிராக்கி தகரத்துக்கு இல்லை. செம்பும் வார்ப்பிரும்பும் விதிவிலக்கு. தோட்டத்தில் பூச்சாடியாக வைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் கரிப்பொருக்கு கெட்டது, புற்றுநோய் வரை கொண்டுபோகும். கையுறையும் முகமூடியும் போட்டு நனைத்துச் சுரண்டுங்கள். பூச்செடி வையுங்கள், கொத்தமல்லி, புதினா வேண்டாம்.